அவையில் முந்தாத மகன்



கடித இலக்கியம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டதும் வழக்கமான வரிசையில்தான் குறிப்பெடுத்தேன். மு.வ.வின் ‘தம்பிக்கு’, அண்ணா தம்பிமார்க்கு எழுதியவை, 1928 கோடையில் முசூரியில் இருந்த மகளுக்கு நேரு எழுதியவை. பாதியில் ஒன்று உறுத்தியது. மு.வ.வும் அண்ணாவும் ஊர் கேட்கவே எழுதினார்கள். நேருவின் கடிதங்கள் அடுத்த ஆண்டே புத்தகமாகிவிட்டன. தம்பியும் மகளும் அங்கே திண்ணை மாதிரி. உட்கார இடம் தருகிறார்கள்; பேச்சு தெருவுக்குத்தான்.

ஊர் கேட்காது என்று நம்பி ஒரு தகப்பன் எழுதினால் எப்படி எழுதுவான்? அந்தக் கேள்வி என்னை 18-ஆம் நூற்றாண்டு லண்டனுக்குக் கொண்டுபோய் விட்டது. குறிப்பைக் கிழித்துப் போட்டேன். இன்றைய பேச்சு ஒரே ஒரு தகப்பனையும், அவருடைய ஒரே மகனையும் பற்றியது. அமைப்பாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவர் செஸ்டர்ஃபீல்டின் நான்காம் பிரபு, ஃபிலிப் டார்மர் ஸ்டான்ஹோப். 1694-இல் பிறந்தவர். ஹேக் நகரில் இங்கிலாந்தின் தூதராக இருந்தார். பிறகு அயர்லாந்தில் ராஜப் பிரதிநிதி. 1746 முதல் 1748 வரை அரசுச் செயலர். ஹேக்கில் இருந்த நாளில் டு பூஷே என்ற பிரெஞ்சுப் பெண்ணோடு உறவு ஏற்பட்டு, 1732-இல் ஒரு மகன் பிறந்தான். மறு ஆண்டு பிரபு வேறொரு பெண்ணை மணந்தார். அந்த மணத்தில் பிள்ளை இல்லை. ஆக, இருந்த ஒரே பிள்ளை சட்டத்தின் கண்ணில் பிள்ளையே இல்லை. பட்டம் அவனுக்கு வராது. குடும்பச் சொத்தும் வராது. மகனுக்கும் ஃபிலிப் என்றே பெயர். தன் பெயரை மட்டும் தடையில்லாமல் கொடுக்க முடிந்தது.

மற்றதைப் பேனாவால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார் போலும். பையனுக்கு ஐந்து வயதாகும்போது, 1737-இல், கடிதம் தொடங்குகிறது. முப்பத்தாறாம் வயதில் மகன் சாகும்வரை ஓயவில்லை. அச்சில் இருப்பவை மட்டும் நானூறுக்கு மேல். தொடக்கத்தில் பிரெஞ்சிலும் லத்தீனிலும் ஆங்கிலத்திலுமாக மாற்றி மாற்றி எழுதினார். கடிதமே மொழிப் பாடம். விளியும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் ‘குழந்தாய்’, அப்புறம் ‘அன்புப் பையனே’, பையன் வாலிபனானதும் ‘என் அன்பு நண்பரே’. விளியில் நண்பராக்கிய பின்னும் உள்ளே இருந்தது வாத்தியார்தான் என்பது வேறு விஷயம்.

மகன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்தான். பதினான்கு வயதில் ஹார்ட் என்ற பாதிரியார் ஒருவரின் பொறுப்பில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டான்: லொசான், லைப்சிக், வெனிஸ், ரோம், கடைசியில் பாரிஸ். அப்பா இடையில் பதவியை விட்டார். காது மந்தமாகிக்கொண்டு வந்தது. உரையாடலையே தொழிலாகவும் பெருமையாகவும் கொண்டிருந்த மனிதருக்கு இதைவிடக் கொடுமை வேறு வேண்டாம். எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஆனால் தாளில் பேசினால் காது தேவையில்லை. அந்த ஆண்டுகளில்தான் கடிதங்கள் மிக நீளமாகவும் அடிக்கடியும் வருகின்றன. இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். காது கேளாதவர் பேசிக்கொண்டே இருப்பார். எதிராளி என்ன சொல்கிறார் என்பது அவருக்குப் பெரிதாகப் படாமலே போகும். இந்தக் கடிதங்களுக்குள்ளும் அந்த மந்தம் இருக்கிறது.

என்னதான் எழுதினார்? எல்லாவற்றையும் எழுதினார். ஜெர்மானிய அரசுகளின் அமைப்பு, டச்சுக் குடியரசின் வரலாறு, பல் துலக்குவது, நகத்தைச் சுத்தமாக வைப்பது, பந்தியில் இறைச்சியை எப்படி வெட்டுவது, அறைக்குள் எப்படி நுழைவது. உரக்கச் சிரிக்கக் கூடாது என்கிறார். எனக்குப் புத்தி தெளிந்த நாளிலிருந்து நான் சிரித்ததை ஒருவரும் கேட்டதில்லை என்று பெருமைப்படுகிறார். புன்னகை போதுமாம்.

நேரத்தை வீணாக்காதே என்பதற்கு அவர் சொல்லும் உதாரணம் எந்த நீதி நூலிலும் வராது. எனக்குத் தெரிந்த ஒருவர் கழிப்பறையில் கழியும் நேரத்தைக்கூட விடமாட்டார் என்கிறார். ஹொரேஸின் கவிதைகளை மலிவுப் பதிப்பில் வாங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு போவார், அங்கேயே படிப்பார், படித்த பின் அந்தத் தாளையே அங்கத்து வேலைக்குப் பயன்படுத்தி, சாக்கடைத் தேவிக்குப் படையலாக அனுப்பிவிடுவார். இப்படியே லத்தீன் கவிகள் எல்லோரையும் முடித்தார், நீயும் அவர் வழியில் போ என்கிறார். பதினைந்து வயது மகனுக்கு முன்னாள் தூதர் இப்படி எழுதுகிறார். இந்த ஒரு கடிதத்துக்காக அவரை எதற்கும் மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பிறகு, பெண்களைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தால் மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெண்கள் வளர்ந்த குழந்தைகள், அவர்களிடம் விளையாடலாம், பொருட்படுத்தக் கூடாது என்பது அவர் பாடம். பாரிஸில் மணமான சீமாட்டிகளோடு பழகி நாகரிகம் கற்றுக்கொள் என்று ஊக்கமும் தருகிறார். இதைச் சமாதானம் சொல்லி மூடிவிட நான் வரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட அதிகமாக அவர் கேட்டது நளினம். கிரேக்கர்களின் எழில் தேவியர் மூவரையும் கூப்பிட்டு, அவர்களுக்குப் பலி கொடு, அவர்களை வழிபடு என்று கடிதத்துக்குக் கடிதம் மன்றாடுகிறார். படிப்பு வந்துவிட்டது, நேர்மையும் இருக்கிறது, நளினம் எங்கே? இந்தக் கேள்வி இத்தனை முறை வருவதிலிருந்தே தெரிகிறது, நளினம் வரவே இல்லை என்று. மகன் கொஞ்சம் கனத்த உடம்பு, கூச்ச சுபாவம், புத்தகப் புழு. அப்பாவின் எல்லாக் கடிதங்களையும் திருப்பிப் பிடித்தால் மகனுடைய படம் கிடைக்கும். ‘நகத்தைக் கடிக்காதே’ என்று வீட்டில் யாரும் நகம் கடிக்காத பிள்ளையிடம் சொல்வதில்லை.

இந்த இடத்தில் நாட்காட்டிக் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் விரும்பிச் சொல்வது, கொஞ்சம் நீளும்.

இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் கணக்கில் இருந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதி கிரிகோரியன் கணக்குக்கு மாறிவிட்டிருந்தது. இரண்டுக்கும் 11 நாள் இடைவெளி. நம் கரையிலேயே இது நடந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் புதுக் கணக்கு; சில மைல் தெற்கே கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர் பழைய கணக்கு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். ஒரே வெயில் காயும் இரண்டு கோட்டைகளில் இரண்டு தேதி. லண்டன் அப்பாவும் அப்படித்தான், தேதிக்குப் பக்கத்தில் ‘பழைய கணக்கு’ என்று மறக்காமல் குறிப்பார். அவர் முதல் தேதி உட்கார்ந்து எழுதும்போது லைப்சிக்கில் மகனுக்குப் பன்னிரண்டாம் தேதி. மகன் எப்போதும் 11 நாள் முன்னால் வாழ்ந்துகொண்டிருந்தான். அப்பா அவனைப் பிடிக்க எழுதிக்கொண்டே இருந்தார்.

1751-இல் இந்தக் கணக்கை மாற்றும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவரே செஸ்டர்ஃபீல்ட்தான். 1752 செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாள், செப்டம்பர் 14 வியாழக்கிழமை ஆயிற்று. மசோதாவை முன்மொழிந்த கதையை அவர் மகனுக்கு எழுதினார். அந்தக் கடிதம் ஒரு பேச்சாளனின் ஒப்புதல் வாக்குமூலம். எனக்கு வானியல் தெரியாது என்கிறார். கேட்பவர்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர்களிடம் அதைப் பேசுவதும் புரியாத பாஷையில் பேசுவதும் ஒன்று. எனவே எகிப்தியர் காலத்து நாட்கணக்கிலிருந்து தொடங்கி, நடுநடுவே சுவையான கதைகளைப் போட்டு, சொல்லிலும் குரலிலும் கையசைவிலும் கவனம் வைத்துப் பேசினேன். விஷயம் தெரிந்தவன் பேசுவதாக அவையே நம்பிவிட்டது. அடுத்து எழுந்தார் மேக்கிள்ஸ்ஃபீல்ட் பிரபு. ஐரோப்பாவின் பெரிய கணித அறிஞர்களில் ஒருவர். மசோதாவின் கணக்கெல்லாம் தெரிந்தவர். ஆனால் சொல்லும் முறை சரியில்லை. எல்லோரும் எனக்கே பாராட்டைக் கொடுத்தார்கள். அது நியாயமே இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, பார்த்தாயா, பேச்சு நடைதான் முக்கியம் என்று முடிக்கிறார்.

இந்த மேடையில் நின்றுகொண்டு அந்தக் கடிதத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்காரர்களில் பலர் செஸ்டர்ஃபீல்ட் சாதி. மேக்கிள்ஸ்ஃபீல்டுகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தந்தை மகனுக்குச் செய்யும் உதவி எது என்று கேட்டால் இந்த அரங்கில் எல்லோருக்கும் ஒரே குறள்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வேண்டியதில்லை. மகனை அவையில் முன்னால் உட்காரவைப்பதே தகப்பனின் கடமை என்ற எண்ணம் நம் பள்ளிச் சுவர்களில் எழுதியே இருக்கிறது. செஸ்டர்ஃபீல்டுக்கு அந்தக் குறள் தெரியாது. ஆனால் அதற்காகவே உயிரைக் கொடுத்தார். 1754-இல் லிஸ்கர்ட் தொகுதியிலிருந்து மகனை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். கன்னிப் பேச்சுக்குத் தாமே பயிற்சி கொடுத்தார். மகன் எழுந்தான், பேசத் தொடங்கினான், நடுவில் தடுமாறி நின்றுவிட்டான். அதோடு அவனுடைய நாடாளுமன்றப் பேச்சுப் புகழும் நின்றது.

பதினேழு ஆண்டுக் கடிதங்கள் அந்த ஒரு நொடிக்காக. அப்பா விடவில்லை. பரவாயில்லை, பழகினால் வரும் என்றார். பிறகு வெளிநாட்டுப் பணிகளுக்கு ஏற்பாடு செய்தார். வெனிஸ் பதவி பிறப்பைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டிருந்தது. ஹாம்பர்க், ரேகன்ஸ்பர்க், கடைசியில் டிரெஸ்டன். எல்லாம் இரண்டாம் வரிசை ஊர்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. நான் விடுதியில் தங்கிப் படித்த நாளில் என் தகப்பனார் வாரம் ஒரு போஸ்ட் கார்டு போடுவார். கிராம முன்சீப் ஆபீஸ் கையெழுத்து. அட்டையில் ஓர் இடம் விடாமல், ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதியிருப்பார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நில், இங்கிலீஷ் பேப்பர் படி. அந்த அட்டைகளில் அறுபதுக்கு மேல் இன்றும் என்னிடம் இருக்கின்றன. என் பதில்களும் வீட்டில் இருந்தன. அவர் காலமான பின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தன. எடுத்துப் படித்தேன். எல்லாம் ஒரே கடிதம். நலம், நலமறிய அவா. படிப்பு நன்றாகப் போகிறது. மெஸ் பில் கட்ட வேண்டும், மணியார்டர் அனுப்பவும். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்றது இல்லை. ஆறு மாதம் ஒருவரிடமும் பேசாமல் நூலகத்தில் ஒளிந்திருந்தது இல்லை. எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அதில் நான் இல்லை.

செஸ்டர்ஃபீல்டின் மகனைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த டிரங்குப் பெட்டி கண்முன் வரும். அப்பாவின் நானூறு நம் கையில் இருக்கின்றன. மகன் எழுதிய பதில்கள்? அப்பாவின் கடிதத்துக்குள் அங்கங்கே எதிரொலிக்கின்றன; உன் கையெழுத்து மோசம், உன் கடிதம் வறட்சி, யாரைச் சந்தித்தாய் என்று விரிவாக எழுது. அவ்வளவுதான். அந்தக் குரலை நேராகக் கேட்க வழியில்லை. ஆனால் ஒரு வெளியாள் சாட்சி உண்டு. ஆங்கில அகராதி தொகுத்த ஜான்சனின் வரலாறு எழுதிய பாஸ்வெல், 1764-இல் டிரெஸ்டனில் ஃபிலிப்பைச் சந்தித்தார். நளினம் இல்லாவிட்டாலும் விவரமும் மரியாதையும் உள்ள மனிதர் என்று பின்னாளில் பதிவு செய்தார். பாஸ்வெல் கண்ட அந்த மனிதரை அப்பா ஒரு நாளும் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பார்த்தது எப்போதும் வரப்போகிற ஃபிலிப்பை.

1768 நவம்பரில் ஃபிலிப் தெற்கு பிரான்ஸில் அவின்யோன் ஊரில் இறந்தார். செய்தி ஒரு பெண்ணின் கடிதத்தில் வந்தது. பெயர் யூஜீனியா. எழுபத்து நான்கு வயது தகப்பன் அப்போதுதான் அறிந்தார்: இவள் என் மருமகள், எனக்கு இரண்டு பேரன்கள் இருக்கிறார்கள், மூத்தவன் சார்லஸ், இளையவன் ஃபிலிப்.

ஆட்களை எடைபோடுவது எப்படி, முகம் பார்த்து மனம் அறிவது எப்படி, உன் மனத்தைப் பிறர் அறியாமல் வைப்பது எப்படி என்று முப்பது ஆண்டு எழுதியவருக்கு, சொந்த மகன் குடும்பம் நடத்தியது தெரியவில்லை. கடைசிப் பாடத்தை மகன் நன்றாகவே படித்திருந்தான். உள்ளதை வெளியே காட்டாதே என்று அப்பா சொல்லிக்கொடுத்த பாடத்தை, அப்பாவிடமே செய்து காட்டினான். மகனின் பதில் கடிதம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். மறைத்தது அச்சத்தாலா, அன்பாலா? இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வீடுகளில் நாமும் வளர்ந்திருக்கிறோம்.

மருமகளை அவர் வெறுத்துத் தள்ளவில்லை. பேரன்களின் படிப்பை ஏற்றுக்கொண்டார். ஆனால் 1773 மார்ச்சில் இறந்தபோது, உயிலில் பேரன்களுக்கு வைத்தவர் மருமகளுக்கு ஒன்றும் வைக்கவில்லை. யூஜீனியாவிடம் இருந்தது ஒரே சொத்து, கணவன் பத்திரப்படுத்திய கடிதக் கட்டு. டாட்ஸ்லி என்ற பதிப்பாளரிடம் 1,500 கினிக்கு விற்றார். பிரபுவின் உயிலை நிறைவேற்றுபவர்கள் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்கள். அதற்கு முன்பே 1741-இல் கவிஞர் போப் தொடுத்த வழக்கில் ஆங்கில நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டிருந்தது. கடிதத்தின் தாள் பெற்றவருடையது, சொல் எழுதியவருடையது. இன்று நம் நாட்டுப் பதிப்புரிமையும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. எழுத்தாளர்களின் கடிதங்களைத் தொகுக்கும் நண்பர்கள் இதை அடிக்கடி மறந்துவிட்டுப் பிறகு வந்து யோசனை கேட்கிறார்கள். யூஜீனியா தரப்பில் சொல்லப்பட்டது சுவையானது. இவற்றை அச்சிட்டால் நல்ல கல்வி நூலாகுமே என்று மாமனாரிடம் தாம் சொன்னதாகவும், அதற்கு அவர், ஆகும்தான், ஆனால் லத்தீன் அதிகமாக இருக்கிறதே என்றதாகவும். கடைசியில் சமரசம் ஏற்பட்டு 1774-இல் புத்தகம் வந்தது. அந்த ஆண்டே மறுபதிப்புகளும் வந்தன.

மகனின் மனைவி விற்றதை மட்டும் பேசி அவரைப் பேராசைக்காரி என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அந்தக் கடிதங்களை எரிக்காமல் வைத்திருந்தவன் மகன். நானூறு அதட்டல்களையும் ஊர் ஊராய் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தானே.

புத்தகம் வந்ததும் ஜான்சன் பாய்ந்தார். அவருக்கும் பிரபுவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அகராதித் திட்டத்தை 1747-இல் பிரபுவுக்கு உரிமையாக்கிவிட்டு, ஆண்டுக்கணக்கில் ஆதரவில்லாமல் காத்திருந்தவர் அவர். அகராதி முடிகிற நேரத்தில் பிரபு புகழ்ந்து எழுத, 1755-இல் ஜான்சன் ஒரு கடிதத்தால் திருப்பி அடித்தார். பிரபு கோபிக்கவில்லை, அந்தக் கடிதத்தை மேசை மேலேயே வைத்து வருகிறவர்களுக்குக் காட்டி, எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறான் பாருங்கள் என்றாராம். சிரிக்காதவர், ஆனால் ரசிக்கத் தெரிந்தவர். மகனுக்கு எழுதிய கடிதங்களின் ஒழுக்கத்தையும் நாகரிகத்தையும் ஜான்சன் ஒரே வாக்கில் சாடியது இன்றும் புகழ்பெற்ற வசை. ஒழுக்கக்கேட்டை நீக்கிவிட்டால் இளைஞர்கள் கையில் கொடுக்கத்தக்க நூல் என்று அவரே பின்னொரு நாள் ஒப்புக்கொண்டதை மேற்கோள் காட்டுபவர் குறைவு.

இன்னொரு கட்டுக் கடிதமும் உண்டு. பட்டத்துக்கு வாரிசாகப் பிரபு ஒரு தூரத்து உறவுப் பையனை வளர்த்தார். அவருடைய ஞானப் பிள்ளை, அவனுக்கும் ஃபிலிப் ஸ்டான்ஹோப் என்றே பெயர். 1761-லிருந்து அவனுக்கும் விடாமல் எழுதினார். அவை 1890-இல்தான் அச்சேறின. அவன் ஐந்தாம் பிரபுவானான். அவனுக்குப் பாடம் சொன்ன டாட் என்ற பாதிரியார், கடன் தொல்லையில் அவன் பெயரில் 4,200 பவுனுக்குப் போலிப் பத்திரம் எழுதினார். பழைய மாணவன் விட்டுக்கொடுக்கவில்லை. 1777 ஜூனில் டாட் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற மனுக்களை எழுதிக்கொடுத்தவர், விந்தை, அதே ஜான்சன்.

அவரிடம் கடிதம் பெற்ற மூன்றாவது ஃபிலிப், பேரன். பேரன் என்ற சொல்லே பெயரன் தானே நமக்கு.

கடைசி ஆண்டுகளில் பேரன்கள் பள்ளியிலிருந்து தாத்தாவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1771-இல் அவர் எழுதிய பதில் இருக்கிறது. அதைப் படித்தபோது வேறொரு ஆள் எழுதியதோ என்று நினைத்தேன். இரண்டு அருமையான கடிதம் வந்தது, சார்லஸ் எழுதியதில் வியப்பில்லை, அவன் படிப்பாளி. ஆனால் சோம்பேறிப் போக்கிரிப் பயலே, ஃபில், நீ எப்படி இவ்வளவு நன்றாக எழுதினாய் என்று கேலி செய்கிறார். கையெழுத்தைத் திருத்தவில்லை. நளினத்தின் பேச்சே இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டில் மருமகளுக்கு எழுதியதில் பையன்களைப் பற்றி ஒரு வரி சொல்கிறார். சார்லஸ் அறிஞனாக வருவான். நம் சின்ன ஃபிலிப் அப்படி வரமாட்டான்; ஆனால் அதற்கு ஈடாக ஏதோ ஒன்றாக வருவான், அது என்னவென்று தமக்கு இன்னும் ஊகிக்க முடியவில்லை என்கிறார்.